யார் கட்டியது?



சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதினாலே, "வெள்ளைக்காரன் கட்டினதை நாம ஏன் சார் காப்பாத்தணும்?" என்று ஒரு கடிதம் வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஆனால், கட்டியது யார்?

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே சிவந்து நிற்கும் விக்டோரியா மன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மகாராணியுடையது, வரைபடம் சிஸம் என்ற ஆங்கிலேயருடையது. பணமோ நம் ராஜாக்களும் செல்வர்களும் கொடுத்த நன்கொடை. 1888-90இல் அதை எழுப்பியவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார்; உயர் நீதிமன்றக் கட்டடமும் அவர் எடுத்துச் செய்த வேலைதான். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை அது. 1897இல் விவேகானந்தர் அங்கே பேசினார். ராணியம்மாள் மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை!

எனக்கு அந்த மன்றத்தின் முகப்பை விடச் சுவர்ப்பூச்சைப் பற்றித்தான் கவலை. சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்திய காரை அது. மேலே தேக்கு விட்டங்களின் மீது செங்கல்லை நிறுத்தி அடுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' கூரை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமென்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்புப் பூத்து உதிரும். கட்டடத்தை ரிப்பேர் பார்த்தே கொல்வது இப்படித்தான்.

2012இல் சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் கலச மகால் தீயில் கருகியது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டது. 1985இல் எரிந்த மூர் மார்க்கெட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே இன்று புறநகர் ரயில் நிலையம். அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடுத்தது. நல்லதுதான். ஆனால் இடிப்பைத்தான் நீதிமன்றம் நிறுத்தும். விரிசலை அடைக்கக் கொத்தனார்தான் வரவேண்டும். மெட்ரோவும் அடுக்குமாடியும் வளரும் ஊரில், சிமென்ட் மட்டுமே தெரிந்த தலைமுறைதான் சாரத்தில் நிற்கிறது. பழைய கட்டடங்களைப் பட்டியல் போடுவதோடு, சுண்ணாம்பு வேலைக்குப் பயிற்சியும் கூலியும் தர அரசு முன்வர வேண்டும்.

உங்கள் தெருவில் அந்த வேலை தெரிந்த மூத்த கொத்தனார் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அவர் சொல்லும் பக்குவத்தை அவர் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்