சூலூரில் ஒரு மறுபிறவி

மனிதனுக்கு ஒரு பிறந்த நாள்தான் உண்டு. விமானப் படையில் ஒரு ஸ்குவாட்ரனுக்கு இரண்டு இருக்கக்கூடும். இந்திய விமானப் படையின் பதினெட்டாம் ஸ்குவாட்ரன் பிறந்தது 1965-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி. அது கண்மூடியதும் ஏப்ரல் 15-ந் தேதிதான். வருஷம் மட்டும் 2016. மறுபடி கண்விழித்தது, பீளமேட்டுக்குக் கிழக்கே சில மைல் தூரத்திலுள்ள சூலூரில், 2020-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி.

கண்மூடுவது என்றால் என்ன? ஸ்குவாட்ரன் என்பது விமானமும் அல்ல, விமானியும் அல்ல. விமானம் பழசாகும், விமானி மாற்றலாகிப் போவார், அல்லது ஓய்வு பெறுவார். நிலைத்து நிற்பது ஓர் எண், ஒரு சின்னம், ஒரு மூலமந்திரம், அத்துடன் அந்த எண்ணின் கீழ் நடந்த காரியங்களின் ஞாபகம். விமானங்கள் வயதாகி ஓய்ந்து, புதியவை வராமல் போனால், எண்ணை ஏட்டிலே எழுதி மூடிவைத்து விடுகிறார்கள். புது விமானம் வரும்வரை அது தூங்குகிறது. பதினெட்டாம் ஸ்குவாட்ரனுக்கு நேர்ந்ததும் இதுவே. அதிலும் ஒரு விசித்திரம்: 2015 நவம்பரில்தான் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி அதற்குக் கொடி வழங்கிக் கௌரவித்தார். ஐந்து மாதம் கூட முழுசாகவில்லை. மிக்-27 விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பிரிவு கலைந்தது. கொடி கிடைத்தது, பறக்க விமானம் இல்லை!

“பறக்கும் தோட்டாக்கள்” என்பது இப்பிரிவின் பட்டப் பெயர். “தீவ்ர ஔர் நிர்பய” என்பது மூலமந்திரம். வேகமும் அஞ்சாமையும் என்று பொருள். இப்படி எழுதிவைப்பது எல்லாப் படைகளிலும் வழக்கந்தான். ஆனால் எழுதியதை நடத்திக் காட்ட ஓர் ஆள் வேண்டுமல்லவா? பதினெட்டாம் ஸ்குவாட்ரனுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்.

1971-ம் வருஷ யுத்தம். பழைய சர்வதேச ஒப்பந்தம் ஒன்றின் காரணமாக, யுத்தம் மூளும் வரையில் ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்துவதில்லை. ஆகவே அங்கே போய் இறங்கிய பதினெட்டாம் ஸ்குவாட்ரன் வீரர்களுக்கு அந்த இடம் புதிது, மலைகளும் புதிது, டிசம்பர் மாதத்துக் குளிரும் பனிமூட்டமும் புதிது. அவர்களிடம் இருந்தவை “நாட்” என்னும் சின்னஞ்சிறு ஜெட் விமானங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொசுவைப் போன்ற ஒரு பூச்சி என்று அர்த்தம். பிரிட்டனில் வடிவமைத்து, பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையிலும் செய்த விமானம் அது. 1965 யுத்தத்திலேயே “சேபர் கொல்லி” என்று பெயர் வாங்கியிருந்தது.

டிசம்பர் 14-ந் தேதி காலை. பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமான தளத்தின் மீது பாய்ந்தன. தயார் நிலையில் காத்திருந்தவை இரண்டு நாட் விமானங்கள். முதல் விமானம் கிளம்பிவிட்டது. அது எழுப்பிய புழுதி அடங்க வேண்டும்; இரண்டாவது அதன் பிறகுதான் ஓட முடியும். அதற்குள் ஓடுபாதையில் குண்டுகள் விழுந்து வெடிக்கத் தொடங்கின. இரண்டாவது விமானத்தில் உட்கார்ந்திருந்தவர் பிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன். லூதியானா பக்கத்துக் கிராமத்துச் சீக்கிய இளைஞர். வெடித்துக்கொண்டிருந்த பாதையிலேயே அவர் விமானத்தைக் கிளப்பினார். முன்னால் போனவர் பனிமூட்டத்தில் அவரைத் தவறவிட்டார். ஒருவர் தனியாக ஆறு விமானங்களோடு மரங்களின் உயரத்தில் சுற்றிச் சுற்றிப் போர் புரிந்தார். ஒன்றைச் சுட்டார், இன்னொன்று தீப்பற்றியது என்று விருதுக் குறிப்பு சொல்லுகிறது. கடைசியில் எண்ணிக்கை வென்றது. விமானத்தின் சிதைவுகள் ஒரு பள்ளத்தாக்கில் கிடைத்தன; உடல் கிடைக்கவே இல்லை. பரம் வீர் சக்கரம் பெற்ற விமானப் படை வீரர் அவர் ஒருவரே.

இத்தகைய ஞாபகத்தைச் சுமந்த எண் நான்கு வருஷம் தூங்கியது. கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்த 2020 மே 27-ந் தேதி, கூட்டமோ ஆரவாரமோ இல்லாமல், அப்போதைய விமானப் படைத் தளபதி பதௌரியா சூலூரில் அதைப் பணியில் சேர்த்துவைத்தார். அன்று அவரே தேஜஸ் விமானத்தில் ஏறிப் பறந்தார். முழுத் தகுதிச் சான்று பெற்ற தேஜஸ் விமானங்கள் கிடைத்த முதல் பிரிவு இதுதான். அதற்கு முன்னரே, 2018-ல், தேஜஸின் முதல் பிரிவான 45-ம் ஸ்குவாட்ரன் பெங்களூரிலிருந்து சூலூருக்கு வந்திருந்தது.

கொங்கு நாட்டுக்கு இது தற்செயலாக வந்த பெருமை அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின் போது, 1942-ல், பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுது பார்க்க இடம் தேடிக் கோயமுத்தூருக்கு வந்தது. கடலே இல்லாத ஊரில் கடற்படை! அந்தப் பட்டறைக்கு அவர்கள் வைத்த பெயர் “கருடா”. மில்களும் பட்டறைகளும் இரும்பு வேலை தெரிந்த கைகளும் இங்கே இருந்தன. சுதந்தர இந்தியாவின் கடற்படையும் 1961-ல் “ஹம்சா” தளத்தைச் சூலூரில்தான் தொடங்கியது. பிறகுதான் அது கோவாவுக்குப் போயிற்று.

ஆனால் பெருமை பேசிக்கொண்டே கவலையை மறைத்துவிட முடியாது. விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் ஸ்குவாட்ரன்கள் 42. மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பரில் விடைபெற்றபோது கையில் நின்றவை 29. பதினெட்டுக்கு நேர்ந்த தூக்கம் எத்தனை எண்களுக்கு நேர்ந்திருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தேஜஸ் திட்டம் ஆரம்பமானது 1983-ல். முதல் விமானம் பறந்தது 2001-ல். மேம்பட்ட ரகத்தில் 83 விமானங்களுக்கு 2021-ல் ஆர்டர் கொடுத்தார்கள். 2024-ல் வரத் தொடங்கவேண்டிய அவை குறித்த கெடுவில் வரவில்லை. தாமதத்துக்கு எல்லாரும் காரணம் சொல்லுகிறார்கள். பழைய விமானத்தை ஓட்டுகிறவர் அந்தக் காரணங்களைக் கேட்டுக்கொண்டு என்ன செய்வார்?

அவசரப்படுத்துவதும் சரியாகாது. 2025 நவம்பர் 21-ந் தேதி துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் ஒன்று விழுந்து, விங் கமாண்டர் நமான்ஷ் சியால் உயிரிழந்தார். சூலூரில் பணி செய்தவர். அவருடைய உடல் சூலூருக்கு வந்து, அஞ்சலிக்குப் பிறகு ஹிமாசலப் பிரதேசத்திலுள்ள சொந்த ஊருக்குச் சென்றது. வேகம் வேண்டும், ஆனால் ஒரு சோதனையையும் விடாத வேகமாக அது இருக்க வேண்டும்.

மேம்பட்ட தேஜஸுக்கான முதல் ஜோடி சிறகுகள், 2025 ஜூலையில், கோயமுத்தூரிலுள்ள லார்சன் அண்டு டூப்ரோ தொழிற்சாலையிலிருந்து ஹிந்துஸ்தான் நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்பட்டன. காற்று உட்புகும் பாகத்தைச் செய்கிறவர்கள், நூற்பு இயந்திரத்துக்குப் பேர்போன லட்சுமி மெஷின் ஒர்க்ஸ். சிறகு இங்கே தயாராகிறது. என்ஜின்தான் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும்.