ஒரு சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். உணவுக்குச் சொன்ன இவ்விதி இசைக்கும் பொருந்துமோ? பொருந்தும் என்பதே நமது துணிபு. மூன்று மணி நேரக் கச்சேரியை இருந்து கேட்கப் பொறுமையற்ற இளைஞன் ஒருவன், அதனின்றும் தெரிந்தெடுத்த நான்கு நிமிட ஆலாபனையைக் கேட்டு, "எஞ்சியது எங்கே?" என வினவுவானாயின், அச்சிறு பகுதி தன் கடமையைச் செய்து முடித்ததாகும். இத்தகைய பகுதிகளைத் தொகுத்து, வீட்டுக் கணினியின் துணைகொண்டு ஒரு மாதிரி இறுவட்டு ஆக்கும் வகையை இவ்வாரம் நோக்குவோம்.

சிறிய அளவில் பெரிய கலையை உணர்த்துதல் புதிய செயலன்று. 1902ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியார் இசைத்தட்டுக்குப் பாடியபோது, தட்டின் ஒரு பக்கத்திற் கிடைத்த இடம் ஏறக்குறைய மூன்று நிமிடமே. விரிக்க விரிக்க வளரும் இராகத்தின் சாரத்தை அச்சிறு பொழுதினுள் அவர் அடக்கிக் காட்டினார். இன்றைய இறுவட்டோ 80 நிமிடம் வரை கொள்ளும். எனவே இடம் போதாது என்று குறைகூற நமக்கு நியாயமில்லை.

காலம் போதாது என்று அஞ்சுதற்கே நியாயம் உண்டு. நம்மவர் வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒலிநாடாக்கள் முதுமை எய்திவிட்டன. காந்தப் பூச்சு உதிர்கின்றது. அவற்றைச் சுழற்றும் கருவியும் அருகி வருகின்றது. 1990களின் முற்பகுதியில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் நாம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது, குழந்தைகளையும் முதியோரையும் சுமந்த கைகளுக்கு நாடாப் பெட்டிகளைச் சுமக்க வலுவிருக்கவில்லை. அன்று தப்பிய சிலவற்றுள், திருவிழாவிலே வாசித்த நாதசுரமும், பாட்டனாரின் தேவாரமும், இன்று ஒருவரும் பாடாத நாட்டுக் கூத்துப் பாட்டும் இருத்தல் கூடும். கடைகளில் விலைக்குக் கிடைப்பவற்றை விடுத்து, வேறெங்கும் பிரதியில்லாத இவற்றையே முதலிற் காப்பாற்றல் வேண்டும்.

இதற்கு வேண்டிய கருவிகள் சிலவே. ஓடுகின்ற நாடாக் கருவி ஒன்று, அதனைக் கணினியோடு இணைக்கும் வடம் ஒன்று, ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்று, இறுவட்டு எழுதும் கருவி ஒன்று. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இறுவட்டுக் கருவியோ, ஒலியை உள்வாங்கும் வாயிலோ இல்லை. அவற்றைத் தனியே வாங்கி யூஎஸ்பி வழியாக இணைக்கலாம். மென்பொருளுக்குப் பணம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்று, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒடாசிட்டி' இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றது.

பதிவு தொடங்குமுன் நாடாக் கருவியின் தலையைப் பஞ்சும் மதுசாரமும் கொண்டு துடைத்தல் நன்று. பின் ஒலியளவைச் சரிசெய்க. மிக உரத்த இடத்திலும் அளவுகோல் −6 டெசிபெல் அளவில் நிற்றல் போதும். நிறைகுடத்தில் மேலும் நீர் வார்த்தால் வழிந்தோடுமன்றோ? எல்லை மீறிய ஒலியும் அவ்வாறே தலை வெட்டுண்டு கரகரக்கும். வெட்டுண்டதைப் பின்னர் எவ்வித்தையாலும் முழுமையாக மீட்டல் இயலாது. இறுவட்டுக்கெனக் கணினி ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகின்றது. மனிதச் செவி விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை உணரும்; அதன் இருமடங்குக்கு மேலாக அளந்தாலே அவ்வொலியை மீளப் பெறலாம் என்பது இதன் காரணம். கணிதம் பயிலும் மாணவர் இதனை ஆசிரியரிடம் கேட்டுத் தெளிக.

இனி, நம் இசைக்கே உரிய மூன்று எச்சரிக்கைகளைக் கூறுவோம்.

முதலாவது சுருதி. பழைய கருவிகள் பல, வேகம் கூடியோ குறைந்தோ சுழல்வன. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மாறினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும். பாடகரின் குரலே வேறாகும். சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டு, மென்பொருளில் உள்ள வேகமாற்றுக் கருவியால் இதனைத் திருத்தலாம்.

இரண்டாவது இரைச்சல். நாடாவின் சீறலை நீக்கும்படி மென்பொருளைப் பணிக்குமுன், சீறல் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளை அதற்குக் காட்டல் வேண்டும். அவ்விடத்திலே தம்புராவும் மெல்ல ஒலித்துக் கொண்டிருந்தால் வந்தது கேடு. இடையறாது ஒலிப்பதெல்லாம் இரைச்சல் என்றே கருதும் அப்பொறி, தம்புராவையும் அரித்துத் தின்றுவிடும். ஆதலின் கச்சேரி தொடங்குமுன் உள்ள வெற்று நாடாவையே காட்டுக. அத்தகைய இடம் இல்லையெனின் இரைச்சலைத் தொடாது விடுக. சுருதியை இழந்த அமைதியினும் சுருதியோடு கூடிய சீறல் மேலானது. சபையோரின் 'பலே' என்ற குரலையும், இடையே கேட்கும் கோயில் மணியையும் குப்பையென எண்ணி நீக்குதல் வேண்டா. அவையும் அந்த நாளின் சாட்சிகள்.

மூன்றாவது வெட்டும் இடம். கீர்த்தனையைச் சொல்லின் நடுவிலோ, தாளத்தின் நடுவிலோ அறுத்தல் பாவம். ஆவர்த்தனம் முடிந்து எடுப்புக்கு வரும் இடத்தைத் தாளம் போட்டுப் பார்த்துத் தெரிந்து, அங்கிருந்து ஒலியைப் படிப்படியாகத் தேய்த்து முடித்தல் தகும். தாளம் அறியாதார் அறிந்த முதியவர் ஒருவரை அருகே இருத்திக்கொள்க. முதியவருக்கும் அது மகிழ்ச்சி தரும்.

பகுதிகளை அடுக்குதற்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையே நல்ல வழிகாட்டி. விறுவிறுப்பான வர்ணம் ஒன்றால் தொடங்கி, நடுவே கனமான இராகத்தை அமைத்து, அதன் பின் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்றாரின் தவிலையும், மெல்லிய பதிகங்களையும் வைத்து, மங்களத்தில் முடிக்கலாம். வீணை மெலிது, நாதசுரம் உரத்தது. இரண்டையும் செவிக்கு இசைய ஒப்பாக்குக. ஆயினும் வீணையை நாதசுரமாக்கிவிடுதல் ஆகாது.

ஒடாசிட்டி தானே இறுவட்டு எழுதாது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி 'வேவ்' கோப்பாகச் சேமித்து, இறுவட்டு எழுதும் வேறொரு மென்பொருளால் 'ஓடியோ' இறுவட்டாக எழுதுக. உறையிலே பாடியவர், பக்கவாத்தியக்காரர், இராகம், தாளம், இடம், ஆண்டு ஆகியன தவறாது குறிக்கப்படல் வேண்டும். பெயரற்ற ஒலி இரு தலைமுறையில் அநாதையாகும். விற்பனைக்கு வெளிவந்த இசையைப் பிரதிசெய்து விற்றல் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது என்பதையும் மறவாதிருப்போம்.

எழுதிய இறுவட்டின் சாயப் படலம் வெயிலாலும் வெப்பத்தாலும் கெடும். ஆகவே முழுப் பதிவின் பிரதி ஒன்று வன்தட்டிலும், மற்றொன்று கடல் கடந்த உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். ஓரிடத்தில் வைத்த செல்வம் ஓரிரவில் அழியும் என்பதை 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்ட மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நாடாவையும் எறிந்துவிடாதீர்கள். பதம் பார்த்த பின் பானையைக் கவிழ்ப்பார் உண்டோ?

பாடசாலை விடுமுறையில் இளைஞர் கணினியை இயக்க, மூத்தோர் இராகமும் ஊரும் பெயரும் சொல்ல, இருவரும் கூடி இப்பணியைத் தொடங்குக. இயக்க அறிந்தவர் பலர் இனியும் வருவர். பெயர் சொல்ல அறிந்தவர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.