தண்டவாளம் போனாலும் தடம் இருக்கட்டும்

சைக்கிள் ஓட்டப் பயமா என்று கேட்டால் நம்மில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டோம். "டைம் இல்ல மச்சி", "வெயில் தாங்கல", "கியர் சைக்கிள் வாங்கினப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆளுக்கொரு காரணம் கைவசம் இருக்கும். என்னைக் கேட்டால் உண்மையான காரணம் இரண்டுதான். ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் லாரி. இன்னொன்று, பாதி ஏறும்போதே நாக்குத் தள்ள வைக்கும் மேடு. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் உங்க தாத்தா பாட்டிகூட சைக்கிளில் ஏறிவிடுவாங்க. இதுதான் என் கட்சி. ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை, 152 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆதாரம் இருக்கு!

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் சென்ட்ரல் ஒடாகோ என்று ஒரு பகுதி. மலைகள் மழையை மறித்துவிடுவதால் வறண்ட பூமி. கோடையில் சுள்ளென்று வெயில், குளிர்காலத்தில் உறைபனி. நடுவே க்ளூத்தா, மனுஹெரிகியா, டையரி என்று ஆறுகள். 1860களில் தங்கம் தேடி கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்த இடம். இன்றைக்கு க்ளைட், அலெக்ஸாண்ட்ரா, பேனக்பர்ன் ஊர்களைச் சுற்றியுள்ள சரிவுகளில் பார்த்தால் திராட்சைத் தோட்டங்கள். உலகத்தின் தென்கோடியில் ஒயின் திராட்சை விளையும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த நிலத்துக்குள் 1879-ல் ஒரு ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். மலையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளுக்கு மேல் பாலம் கட்டி, க்ளைட் வந்து சேர 1907 ஆகிவிட்டது. க்ரோம்வெல் ஊரை எட்டியது 1921-ல். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிந்த கதைதான். சரக்கெல்லாம் லாரிக்கு மாறியது, ரயிலுக்கு வேலை குறைந்தது. 1990-ல் மிடில்மார்ச் முதல் க்ளைட் வரை உள்ள பகுதியை மூடினார்கள். தண்டவாளத்தையும் கட்டைகளையும் பிடுங்கி எடுத்தாச்சு.

இந்த இடத்தில்தான் நீங்க கவனிக்கணும். செத்துப்போன ரயில் பாதை என்றால் என்ன? நீளமான, ஒல்லியான ஒரு துண்டு நிலம். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாக விற்றுவிட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் 1993-ல் அந்த நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்தத் தடத்தை அறுபடாமல் முழுசாக வாங்கியது. உள்ளூர் ஆட்கள் ஒரு அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். அறுபதுக்கு மேற்பட்ட பாலங்களுக்கு மரப்பலகைத் தளமும் கைப்பிடியும் போட்டார்கள். பெரிய ஜல்லிக்கு மேல் பொடிச் சரளை பரப்பி அமுக்கினார்கள். 2000-ல் ஒடாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் முழுசாகத் திறந்தது. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், குதிரையில் போகலாம். காருக்கும் பைக்குக்கும் இடம் இல்லை.

சரி, இதில் இன்ஜினியரிங் எங்கே என்று கேட்கிறீங்களா? சரிவில் இருக்கு. நீராவி இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அந்தக் காலத்து இன்ஜினியர்கள் ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றம் வராமல் பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். அதாவது அதிகபட்சம் 2 சதவீதம். இப்போ நம்ம கணக்கைப் போடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 90 கிலோ, வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. 2 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பை ஜெயிக்க மட்டும் சுமார் 60 வாட் போதும். சரளையின் இழுப்பையும் காற்றையும் சேர்த்தாலும் 100 வாட் பக்கத்தில் நிற்கும். சாதாரண ஆரோக்கியம் உள்ள ஒருத்தர் பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய அளவு. அதே வேகத்தில் 8 சதவீத மேடு ஏறினால்? புவியீர்ப்புக்கு மட்டும் 235 வாட். அது பயிற்சி எடுத்தவர்களின் வேலை.

இந்தப் பாதையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 618 மீட்டர். அவ்வளவு உயரத்துக்கு, விளையாட்டு வீரர் அல்லாத ஜனங்கள் மூன்று முதல் ஐந்து நாள் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு மிதித்துப் போய்வருகிறார்கள். ரயிலுக்காகப் போட்ட சரிவு, நூறு வருஷம் கழித்து முழங்கால் வலிக்காரருக்கு உதவுது. டிசைன் செய்தவர்கள் கனவிலும் நினைக்காத உபயோகம்.

"அதெல்லாம் சரி, தார் போட்டிருக்கலாமே?" என்று சிலர் கேட்பார்கள். வழுவழு ரோடுதான் முன்னேற்றம் என்று நமக்குப் பழகிவிட்டது. கிராவலில் டயர் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், உண்மைதான். ஆனால் செலவு குறைவு, தண்ணீர் வடியும், குழி விழுந்தால் உள்ளூர் ஆளே ஒரு லோடு சரளை கொட்டிச் சரிசெய்துவிடலாம். தார் போட்டால் வேகம் வரும். வேகம் வந்தால் "இந்தப் பக்கம் ஒரு டூவீலர் மட்டும் போனா என்ன?" என்ற கேள்வியும் கூடவே வரும். அந்தக் கேள்விக்கு நாம என்ன பதில் சொல்லுவோம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போ இதே கதையின் மறுபக்கம். க்ளைட்டுக்கும் க்ரோம்வெல்லுக்கும் நடுவே இருந்த ரயில் தடம் என்ன ஆச்சு? க்ளைட் அணைக்காக 1980-லேயே அந்தத் துண்டை மூடிவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் டன்ஸ்டன் ஏரி நிரம்பியபோது அந்தப் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியும், பழைய க்ரோம்வெல் ஊரின் ஒரு பகுதியும் தண்ணீருக்குள் போனது. பிறகு இந்த இரண்டு ஊரையும் சைக்கிள் பாதையால் இணைக்க நினைத்தபோது கையில் தடம் இல்லை. மலை ஓரத்தில் புதிதாக வெட்டணும். செங்குத்துப் பாறையில் கம்பி அடித்து அந்தரத்தில் தொங்கும் மேடைகள், 86 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குபாலம் என்று என்னென்னவோ செய்து சுமார் 40 கிலோமீட்டர் பாதையை 2021-ல்தான் திறக்க முடிந்தது. அழகில் குறை சொல்ல முடியாது. பேனக்பர்ன் பக்கம் தங்கத்துக்காகத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்த மண்மேடுகளையும், அதை ஒட்டிய திராட்சைத் தோட்டங்களையும் தாண்டித்தான் பாதை ஏரிக்கரைக்கு வருது. ஆனால் அங்கே மேடு செங்குத்து, வளைவு குறுகல், ஒரு பக்கம் பள்ளம். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வயிறு கலங்கும்.

ஒரே வட்டாரம், ஒரே பழைய ரயில் பாதை. காப்பாற்றிய பகுதியில் 2000-லேயே பாட்டி ஓட்டக்கூடிய பாதை. இழந்த பகுதியில் இருபத்தோரு வருஷம் கழித்து, துணிச்சல்காரருக்கான பாதை. இதைவிடத் தெளிவான ஒப்பீடு நம்ம லேபில்கூடக் கிடைக்காது. அணை கட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை, மின்சாரம் வேணும்தான். ஒரு தடத்தின் விலையைக் கணக்குப் போடும்போது அதன் நாளைய உபயோகத்தை யாரும் சேர்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

"இது டூரிஸ்ட் விளையாட்டு, இதனால ஊருக்கு என்ன லாபம்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் அந்தப் பகுதிப் பண்ணைக்காரர்கள் பலரும் இதையேதான் கேட்டார்கள். வேலியைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், ஆடு மிரளும் என்று எதிர்த்தார்கள். ஆனால் சைக்கிளில் வருகிறவர் ஒரு நாளில் நாற்பது கிலோமீட்டர்தான் போவார். அவருக்கு நடுவழியில் சாப்பாடு வேணும், ராத்திரி தங்க இடம் வேணும். காரில் போகிறவர் நிற்காமல் கடந்துவிடும் ஓமகாவ், ஒட்டுரெஹுவா மாதிரி குட்டி ஊர்களில் தங்கும் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் பிழைத்தது இப்படித்தான்.

ஒட்டுரெஹுவா என்றதும் இன்னொரு விஷயம். எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-ல் அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். பண்ணைகளுக்கான கருவிகள், முக்கியமாக வேலிக் கம்பியை இழுத்துக் கட்டும் கருவி, அவருடைய தயாரிப்பு. அதை விற்றது யார் தெரியுமா? அவர் மனைவி ஹன்னா. சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் எடுத்துவந்தவர் அவர்தான். தார் ரோடு இல்லாத அந்தக் காலத்தில்! நாம மெஷினைச் செய்தவரை மட்டும் புத்தகத்தில் படிக்கிறோம். அந்தப் பட்டறை இன்றைக்கும் பாதுகாக்கப்பட்டு, டிரெயிலில் வருகிறவர்கள் இறங்கிப் பார்க்கும் இடமாக இருக்கு.

ஆக, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நாளைக்கு நீங்க ஒரு திட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பீங்க. "கைவிடப்பட்டது" என்று முத்திரை குத்திய ஒரு வரைபடம் மேசைக்கு வரும். மூடிய ரயில் பாதையோ, பழைய கால்வாய்க் கரையோ ஏதோ ஒன்று. ஓரத்தில் யாராவது "துண்டு போட்டு விற்கலாம்" என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் அந்தக் கோட்டின் சரிவைப் பாருங்க. சல்லிசாக இருந்தால் அதை முழுசாக வைத்திருக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்க. சைக்கிள் பாதை இன்றைக்கே போட முடியாவிட்டாலும் பரவாயில்லை. சரளையை எப்போ வேணும்னாலும் கொட்டிக்கலாம். அறுத்து விற்ற தடத்தை ஒட்ட வைக்க எந்த டிபார்ட்மென்ட்டிலும் பாடம் கிடையாது.