சமாதானம் என்றால் சும்மா இருப்பதா?

நம் வாசிப்பு வட்டங்களில் ஒரு கேலி ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. வண்டி பஞ்சரானால் ஸ்தோத்திரம், பாதிச் சமையலில் சிலிண்டர் தீர்ந்தால் ஸ்தோத்திரம், மகனின் மார்க் ஷீட்டில் பெயர் பிழையாக வந்தால் "ஆண்டவர் பார்த்துக்குவார்". சேரிச் சபைகளில் இருக்கும் நம் அம்மாக்களைப் பற்றித்தான் இந்தக் கேலி. கேலி செய்யும் தோழர்களில் பாதிப்பேர் அந்த அம்மாக்களின் பிள்ளைகள்.

அந்த அம்மாவின் ஒரு நாளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியுமுன் தண்ணீருக்கு நிற்க வேண்டும். ஏழு மணிக்குள் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு மூன்றாவது வேலைக்கு ஓட வேண்டும். வசதியுள்ளவருக்கு டயர் பஞ்சரானால் அது வெறும் பஞ்சர். இவருக்கு அது அரைநாள் கூலி, முதலாளியம்மாவின் வசவு, அன்று மாலை வட்டிக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில். ஒரு சின்னக் கோளாறு பின்னால் இருக்கும் பத்தையும் சரித்துவிடும் வாழ்க்கை. அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வதை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணைத் திறந்ததும் அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போகிறார். பதற்றத்தில் கை நடுங்காமல் அடுத்த வேலையைச் செய்ய ஒரு வழி வேண்டும். அவருக்கு அது ஜெபமாக இருக்கிறது. நம்மில் பலருக்கு அது டீக்கடையும் சிகரெட்டும். எது உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லத் தேவையில்லை!

என் சண்டை வேறு இடத்தில். நடக்கிற எல்லாவற்றுக்கும் "சோதனை" என்று ஒரே பெயர் வைப்பதில்தான்.

டயர் தானாகப் பஞ்சராகும். சாதிச் சான்றிதழ் தானாக மாறாது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி என்ற தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கட்டு தளர்ந்தது. கிறிஸ்தவரானவர்களுக்கு இன்றுவரை தளரவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய்ச் சேர்கிறார்கள். அதே தெரு, அதே வசவுச்சொல், அதே தனி டம்ளர். ஆனால் அடிபட்டால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுக்காது. தாலுகா அலுவலகத்தில் இந்த விஷயத்துக்காக நாலு முறை அலைந்து திரும்பும் பெண்ணிடம் போய், "எல்லாம் கர்த்தருடைய சோதனைம்மா, பொறுத்துக்கோ" என்று ஒரு போதகர் சொன்னால், அவர் ஆறுதல் சொல்லவில்லை, கோப்பை மூடிவைக்க அதிகாரிக்கு உதவுகிறார். மனிதர் கையெழுத்துப் போட்ட ஒன்றைக் கடவுள் கணக்கில் ஏன் எழுத வேண்டும்?

சபைகளில் அடிக்கடி கேட்கும் பிரசங்கம் ஒன்று உண்டு. கடலில் புயல், படகின் பின்பக்கம் தலையணை வைத்து இயேசு தூங்குகிறார், அதுபோல நாமும் அமைதியாக இருக்க வேண்டும் என்பார்கள். மாற்கு நற்செய்தியில் அந்தப் பகுதியைத் திறந்து வாசித்துப் பாருங்கள். சீடர்கள் அமைதியாக இருக்கவில்லை. அவரை எழுப்பி, நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்ற பொருளில் சத்தம் போடுகிறார்கள். விசுவாசம் இல்லையா என்று அவர் பிறகு கடிந்துகொள்வதும் உண்மைதான். ஆனால் முதலில் எழுந்திருக்கிறார், காற்றை அதட்டுகிறார். எழுப்பியதற்காகப் படகைவிட்டு யாரையும் இறக்கிவிடவில்லை. சங்கீதப் புத்தகத்திலும் பாதிக்குப் பாதி கடவுளிடம் முறையிடும் குரல்தான். நம் ஊர்ப் பிரசங்க மேடைகளுக்கு அந்தச் சங்கீதங்கள் ஏனோ அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

மார்ட்டின் லூதர் கிங் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஜனவரி 27, மாண்ட்கோமரி. பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி ஏழு வாரம் தாண்டிவிட்டது. நள்ளிரவில் இன்னொரு மிரட்டல் போன். தூக்கம் வராமல் சமையலறைக்குப் போய் காபி போட்டுக்கொண்டு உட்காருகிறார். அவருக்கு அப்போது வயது 27, கைக்குழந்தை உள்ளே தூங்குகிறது. தலைமையிலிருந்து எப்படி ஒதுங்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். என்னால் இனி முடியாது என்று மேசையில் கவிழ்ந்து வாய்விட்டு ஜெபித்ததையும், அதன்பின் வந்த அமைதியையும் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் இரவு அவர் வீட்டு வராந்தாவில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்த மனைவியும் குழந்தையும் தப்பினார்கள். ஆயுதங்களோடு திரண்ட தன் மக்களைக் கிங் அமைதிப்படுத்தி அனுப்பினார். இதோடு கதையை நிறுத்திவிடுவது பிரசங்கிகளுக்கு வசதி. குண்டு வெடித்து இரண்டே நாளில், பிப்ரவரி 1 அன்று, பேருந்தில் நிறவாரியாகப் பிரித்து உட்காரவைப்பதை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. புறக்கணிப்பு மொத்தம் 381 நாள் நடந்தது. சமையலறையில் கிடைத்த சமாதானம் அவரை வீட்டில் உட்காரவைக்கவில்லை.

சமாதானத்தின் பெயரால் நம்மை உட்காரவைப்பதில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. தனிக் கல்லறையும் தேர் வராத தெருவும் நம் ஊர்களில் புதிய செய்தி அல்ல. சபைக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அதைப் பற்றிக் கேட்கும் இளைஞரிடம் "சபையின் சமாதானத்தைக் கெடுக்காதே" என்பவர்கள், கல்லறைச் சுவரைக் கட்டியவர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே தோழர்களே, கிராமத்துக்குப் போனால் முதல் வேலையாக அம்மாக்களின் ஜெபத்தைப் பிடுங்கப் போகாதீர்கள். பல சேரிகளில் பெண்கள் யார் அனுமதியும் கேட்காமல் கூடி உட்காரும் ஒரே இடம் அந்த ஜெபவீடுதான். கூட்டம் முடியும்வரை பின்னால் இருங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். மூன்றாம் பத்தி என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப்போங்கள். யாருடைய மனு எந்த மேசையில் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று பெயர் பெயராகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 10 கறுப்பு தினத்துக்கு வர எத்தனை பேருக்கு வேன் வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.