உப்புக்காற்று அரித்த ஜன்னலுக்கு உங்கள் அட்வான்ஸில் கை வைக்கலாமா?

கோடியக்கரையில் ஒரு வீட்டுக்கு அடித்த பெயின்ட் எத்தனை நாள் தாங்கும்? கிழக்கிலும் தெற்கிலும் கடல். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், சுவர் பொரிந்து உதிரும். பக்கத்தில் வேதாரண்யம் டவுனிலும் இதே கதைதான்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் இந்தத் துருவே பெரிய பிரச்னையாகிவிடும். "சுவரைப் பாருங்க, கம்பியைப் பாருங்க... பெயின்ட் அடிக்கவே அட்வான்ஸ் சரியாப் போயிடும்" என்பார் ஹவுஸ் ஓனர். மாதம் 5,000 ரூபாய் வாடகைக்கு 15,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்த குடும்பத்துக்கு, அந்தப் பணம் கைக்கு வந்தால்தான் அடுத்த வீடு. ஆனாலும், 'இதெல்லாம் வழக்கம்தானே' என்று பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள்.

வழக்கம் வேறு, சட்டம் வேறு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். நீங்கள் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

எது பாக்கி? கொடுக்காத வாடகை, கட்டாத கரன்ட் பில், நீங்கள் உடைத்த கண்ணாடி, குழாய், சுவிட்ச் போன்றவை. சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் சட்டத்தின் அட்டவணையில் உரிமையாளர் பக்கம்தான் இருக்கின்றன. புழக்கத்தில் இயல்பாக வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை. உப்புக்காற்று அரித்ததும் அப்படித்தான். 2018-ல் வந்த கஜா மாதிரி ஒரு புயல் கூரையைப் பெயர்த்தாலும், அது நீங்கள் செய்த சேதம் இல்லை.

ஆனால், 'நான் உடைக்கவில்லை' என்று காட்ட ஆதாரம் வேண்டும். குடிபுகும் நாளிலேயே துரு, விரிசல், ஒழுகல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போதும் அப்படியே. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுங்கள். அட்வான்ஸை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது அவசியம்.

ஒரு மாதம் கடந்தும் பணம் வரவில்லையா? பிடித்த தொகைக்குக் கணக்கு கேட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், நாகப்பட்டினம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியின மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் போனிலும் ஆலோசனை கேட்கலாம்.

இது ஹவுஸ் ஓனரோடு சண்டை போடச் சொல்லும் யோசனை இல்லை. அட்வான்ஸ் அவரிடம் இருந்தாலும், பணம் உங்களுடையது. பிடித்தம் செய்தால், எதற்கு என்று கணக்கு கேளுங்கள்.