நண்டுக்காலில் சிக்கிய பம்ப்!

உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சோடியம் கசிந்துகொண்டே இருக்கிறது. அப்படியே விட்டால், பின்னாலேயே தண்ணீரும் புகுந்து செல் ஊதி வெடித்துவிடும். அதைத் தடுப்பது செல் சவ்விலுள்ள ஒரு குட்டி பம்ப். ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும்.

டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கௌ 1957-ல் இதைக் கண்டுபிடித்தது, நண்டுக்கால் நரம்பில்! நோபல் பரிசு கைக்கு வந்ததோ 1997-ல்தான். பொறுமைசாலி!

இந்த பம்ப் ஓட ஆற்றல் வேண்டும். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றால், சில நிமிடங்களிலேயே அங்கே பம்ப் ஓய்ந்து, செல்கள் வீங்கத் தொடங்கும். கால் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். மண்டை ஓடு கொடுக்காது. வாய் கோணி, பேச்சு குழறும்போது, 'காலையில பார்த்துக்கலாம்' என்று படுக்கவைப்பது ஆபத்தாவது இதனாலும்தான்.