தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரல்ல

"கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பிறகென்ன பயம்?" என்று கேட்பவர்கள் எம்மிடையே அநேகர். கண்ணுக்குத் தெளிவாயிருப்பது வேறு. குடிக்க உகந்தது வேறு. இதை விளங்கிக்கொள்ள நீரின் குணத்தைச் சற்று அறிதல் நன்று.

நீரின் ஒரு மூலக்கூற்றில் ஓர் ஒட்சிசன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களும் இலத்திரன்களைப் பங்கிட்டுப் பிணைந்துள்ளன. அப்பங்கீடு சமமானதன்று. ஒட்சிசன் தன் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. மூலக்கூறும் வளைந்திருப்பதால் ஒரு பக்கம் சிறிது மறையேற்றமும் மறுபக்கம் சிறிது நேரேற்றமும் பெறுகின்றன. ஒன்றின் நேர்ப்பக்கம் அடுத்ததன் மறைப்பக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. இதுவே ஐதரசன் பிணைப்பு.

இந்தப் பிடிப்பினால்தான் நீர் அறுபடாமல் வேரிலிருந்து இலை வரை ஏறுகிறது. இந்த ஏற்றங்களினால்தான் அது உப்புகளைக் கரைத்துப் பயிருக்கு உணவாகக் கொண்டு செல்கிறது. நீர் கரைக்காவிட்டால் பசளை மண்ணிலேயே கிடக்கும். பயிர் பட்டினி கிடக்கும்.

ஆனால் நீருக்கு நல்லது கெட்டது தெரியாது. நாம் இடும் யூரியா மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறுகிறது. மண் துணிக்கைகள் பெரும்பாலும் மறையேற்றம் கொண்டவை, நைத்திரேற்றும் அப்படியே. ஆகையால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. மழையோடும் இறைப்போடும் அது கீழே இறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று இவ்வாறே வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லில் வெடிப்புகள் உள்ளமையால் அங்கு இது விரைவாக நடக்கிறது. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் கூறும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

கொதிக்கவைத்தால் போதும் என்பது அரை உண்மை. கொதிப்பதால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அந்நீரில் கரைத்த பால்மா, 6 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்வதைத் தடுத்து, உடலை நீலம்பாயச் செய்யக்கூடும். அக்குழந்தைக்குத் தாய்ப்பாலே பாதுகாப்பு.

"நிலமும் எங்களுடையதல்ல, கிணறும் எங்களுடையதல்ல" என்ற எண்ணம் இடம்பெயர்ந்த வாழ்வில் எழுவது இயல்பே. ஆயினும் அந்தக் கிணற்று நீரைத்தான் எங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள். மலசலகூடத்தைக் கிணற்றிலிருந்து 30 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் அமைப்போம். சுண்ணக்கல் நிலமாயின் இன்னும் தள்ளி அமைப்போம். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல், பயிர் எடுக்கக்கூடிய அளவாகப் பிரித்துப் போடுவோம். ஊர் திரும்புவோருக்கும் ஒரு வார்த்தை: பாவிக்காது கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது மட்டும் போதாது. பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, நீரைப் பரிசோதித்த பின்னரே குழந்தைக்குக் கொடுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து கேட்டால் காரியம் சுலபமாகும்.